அரசு வண்டி மோதிவிட்டால்: இன்சூரன்ஸ் இல்லாத எதிராளியிடம் நஷ்டஈடு வாங்குவது எப்படி

என் மச்சான் டவுன் பஸ் மோதி அடிபட்ட அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் செய்த முதல் காரியம், அந்தப் பேருந்தின் எண்ணைப் போனில் தட்டி எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று தேடியதுதான். ஒன்றும் வரவில்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை எப்படி ரோட்டில் விட்டார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன். தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் மாலையில் வந்தவர், நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த பஸ்ஸுக்கு இன்சூரன்ஸே கிடையாது. இருக்கணும்னு சட்டமும் இல்ல. போக்குவரத்துக் கழகமே குடுக்கணும். நீங்க தேட வேண்டியது பாலிசிய இல்ல, பேப்பர."

அடுத்த சில வருடங்கள் நான் அலைந்ததெல்லாம் அவர் சொன்ன அந்தப் பேப்பருக்காகத்தான். புதிதாக இதில் மாட்டியவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கணக்கு. தமிழ்நாட்டை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில், யார் பணம் கொடுப்பார்கள்?

தனியார் வண்டி மோதினால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் பணம் கட்டும். அரசு வண்டியில் அப்படி இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிகளிலேயே விலக்கும் தருகிறது. வணிக நோக்கமில்லாமல் ஓடும் மத்திய, மாநில அரசு வண்டிகளுக்கு, அதாவது போலீஸ் ஜீப், தாசில்தார் ஜீப், ராணுவ லாரி போன்றவற்றுக்கு, காப்பீடு தேவையில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அரசு உத்தரவு போட்டு விலக்கு தரலாம். ஆனால் நஷ்டஈடு கொடுக்கத் தனியாக ஒரு நிதி வைத்திருக்க வேண்டும். ஆக, வண்டியின் உரிமையாளரே இன்சூரன்ஸ் கம்பெனியின் இடத்தில் நிற்கிறார்.

"அரசாங்கத்து மேல கேஸ் போட முடியுமா?" என்று என் அத்தை கேட்டார். முடியும். 1952இல் உதய்ப்பூரில், கலெக்டரின் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து திருப்பி ஓட்டி வந்த டிரைவர், நடைபாதையில் போனவர் மேல் ஏற்றிவிட்டார், அவர் இறந்துபோனார். அரசு பொறுப்பாகாது என்று ராஜஸ்தான் அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 1962இல் தோற்றது. ஒரு சாதாரண முதலாளி தன் டிரைவரின் தவறுக்கு எப்படிப் பொறுப்போ, அரசும் அப்படித்தான் என்று தீர்ப்பு வந்தது.

சரி, மோதியது யாருடைய வண்டி? நம்பர் பிளேட்டே பாதி சொல்லிவிடும். மாவட்ட எண்ணுக்குப் பிறகு 'என்' எழுத்து வந்தால் போக்குவரத்துக் கழகப் பேருந்து. 'ஜி' வந்தால் அரசுத் துறை வண்டி. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கினால் ராணுவம். கண்ணாடியில் 'அரசுப் பணி' என்று ஒட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது வாடகைக்கு எடுத்த தனியார் காராக இருக்கலாம். அப்படியானால் அதற்கு இன்சூரன்ஸ் இருக்கும். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு உரிமையாளர் விவரத்தைப் பார்த்துவிடுங்கள். சென்னையில் 2025 முதல் ஓடும் மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் தனியார் நிறுவனம் இயக்குபவை. அந்த மாதிரி வண்டி என்றால் நிறுவனம், அதன் இன்சூரன்ஸ், போக்குவரத்துக் கழகம் மூவரையும் எதிர்மனுதாரர் ஆக்கச் சொல்லுங்கள்.

மனுவில் பேர் போடும் முறை இது: கழகப் பேருந்து என்றால் அந்தக் கழகத்தின் மேலாண் இயக்குநர். மாநில அரசு வண்டி என்றால் மாவட்ட ஆட்சியர் வழியாகத் தமிழக அரசு, கூடவே அந்தத் துறை. மாநகராட்சிக் குப்பை லாரி என்றால் ஆணையர். ராணுவம் என்றால் பாதுகாப்பு அமைச்சகம் வழியாக இந்திய அரசு. தமிழ்நாட்டில் மாநகரம், விரைவு, விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என்று 8 கழகங்கள் இருக்கின்றன. விபத்து நடந்த ஊரை வைத்துக் கழகத்தை முடிவு செய்யாதீர்கள். மதுரை ரோட்டில் கும்பகோணம் கழக வண்டி ஓடும். பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள்

முதலில் உயிர். 108ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. மத்திய அரசு 2025 மே மாதம் கொண்டுவந்த திட்டத்தில் 7 நாளுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு. அட்மிஷன் கவுன்டரில் இந்த இரண்டு திட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஏ.ஆர். காப்பி, அதாவது கேஷுவாலிட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல். பாதி வழக்குகள் கெட்டுப்போவது இங்கேதான் என்று குமாஸ்தா சொன்னார். என் மச்சானைத் தூக்கி வந்த பையன் பதற்றத்தில் "பைக்லேர்ந்து விழுந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். டாக்டர் அதையே எழுதிவிட்டார். பேருந்து என்ற வார்த்தையே அதில் இல்லை. மூன்று வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒற்றை வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டு, "தானாகவே விழுந்துவிட்டு எங்கள் பேருந்தின் மேல் பழி போடுகிறார்" என்றார். கூட வந்த பையனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஆகவே டாக்டரிடம் சொல்லும்போது என்ன வண்டி, என்ன நம்பர், எந்த இடம், எத்தனை மணி என்று முழுதாகச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, எஃப்.ஐ.ஆர். நான் போனபோது ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, "இது போதும் சார், இன்சூரன்ஸுக்கு இதவே குடுக்கலாம்" என்றார்கள். போதாது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீதுதான். காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள், இறப்பு என்றால் 106(1) போட்டு எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நிலையைப் பார்க்கலாம்.

அங்கேயே ஸ்டேஷன் வாசலில் இன்னொன்றும் நடக்கும். டிரைவரும் கண்டக்டரும் வருவார்கள். "சார், கேஸாயிட்டா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. ரெண்டு பொண்ணுங்க சார். ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம்." எனக்கு மனசு இளகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அந்த வண்டியை ஓட்டுகிறாரோ. ஆனால் அவரால் ஒரு பிளேட் வைத்த ஆபரேஷனுக்கே பணம் புரட்ட முடியாது. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் கழகத்திடமிருந்து கேட்பதும் கஷ்டமாகிவிடும். நஷ்டஈடு கட்டப்போவது கழகம், டிரைவர் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெள்ளைத் தாளிலோ, 'சமாதானமாகப் போகிறோம்' என்ற தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம்.

சாட்சியமும் அந்த இரண்டு நாளில்தான் கிடைக்கும். கடைக்காரர்களின் சி.சி.டி.வி. பதிவு சில நாளில் அழிந்து அடுத்தது ஏறிவிடும். அன்றைக்கே போய் டீ குடித்துவிட்டுக் கேளுங்கள். பேருந்துக்குள் விழுந்து அடிபட்டவர் என்றால் டிக்கெட்டை விடாதீர்கள். அது வெயிலில் வைத்தால் எழுத்து போய்விடும் தாள், உடனே போட்டோ எடுங்கள். பார்த்தவர்களில் இரண்டு பேரின் போன் எண் போதும். பேருந்து அன்றைக்கு எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு, எந்த டிரைவரோடு ஓடியது என்ற விவரத்தைப் பிறகு 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் லாரிக்காரரிடம் இப்படிக் கேட்க முடியாது. அரசு வண்டியில் அடிபட்டவருக்கு இருக்கும் ஒரே சௌகரியம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த இன்சூரன்ஸ்

எதிராளிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காக உங்களுடையதை மறந்துவிடக் கூடாது. உங்கள் பைக்குக்கு முழுக் காப்பீடு இருந்தால் உடனே தகவல் சொல்லி, சர்வேயர் வந்து பார்த்த பிறகுதான் மெக்கானிக்கிடம் விட வேண்டும். தேய்மானக் கழிவு போகத்தான் வரும், நோ கிளைம் போனஸும் போகும். வண்டிச் சேதத்தைத் தீர்ப்பாயத்திலும் கேட்கலாம், ஆனால் ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. உரிமையாளரே ஓட்டி, இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தோடு அதற்கும் கட்டிவிட்டு, இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. இறந்தவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையை நஷ்டஈட்டில் கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மெடிக்ளெய்ம் கம்பெனி அசல் பில்களை வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஆஸ்பத்திரியின் சீல் வாங்கிவிடுங்கள்.

மனுப் போடுவது

விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலான விதி இது. இந்த 6 மாத வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அனுப்பினார்களா என்று கேட்டு வையுங்கள். நம் மனுவை நாம்தான் போட வேண்டும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திருச்சிக்குப் பக்கத்தில் அடிபட்ட சென்னைக்காரர் சென்னை சிறுவழக்கு நீதிமன்றத்திலேயே போடலாம். அரசு மேல் சிவில் வழக்குப் போடும் முன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது சிவில் வழக்குக்கு உள்ள விதி. தீர்ப்பாய மனுவுக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

164ஆம் பிரிவு என்று ஒன்றும் காதில் விழும். யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். தப்பு உங்கள் பக்கம் என்று சாட்சியம் பலமாக இருந்தால் அது நல்ல வழி. ஆனால் அதில் பணத்தை ஏற்றுக்கொண்டால் 166 மனு போய்விடும். அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வக்கீல் விஷயத்தில் ஒன்று. ஆஸ்பத்திரி வார்டுக்கே தேடி வந்து கார்டு கொடுப்பவரை விட்டு விலகுங்கள். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வசதி இல்லாதவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

வழக்குக் கட்டுக்குள் இருக்க வேண்டிய பேப்பர்கள்: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட், குற்றப்பத்திரிகை, வயதுச் சான்று, வருமானச் சான்று. இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்று.

தொகை எப்படி வருகிறது

இதை நீங்களே ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. இந்தக் கணக்கே ஒரு அரசுப் பேருந்து வழக்கிலிருந்து வந்ததுதான். 1988இல் டெல்லி போக்குவரத்துக் கழகப் பேருந்து மோதி ஒரு விஞ்ஞானி இறந்தார். அவர் குடும்பத்தின் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த, எந்த வயதுக்கு வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற அட்டவணைதான் இன்று எல்லாத் தீர்ப்பாயத்திலும் ஓடுகிறது. வயது 15 முதல் 25 வரை 18, 26–30க்கு 17, 31–35க்கு 16, 36–40க்கு 15 என்று இறங்கி, 65க்கு மேல் 5.

38 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். சொந்த வேலை பார்க்கும் 40க்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் (2017 தீர்ப்பு): 21,000. நான்கு பேர் அவரை நம்பி இருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிவு: 15,750. வருடத்துக்கு 1,89,000. அதை 15ஆல் பெருக்கினால் 28,35,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்கு, துணை இழப்பு, உடைமை இழப்பு என்று சிறு தொகைகள்.

காயம் என்றால் ஊனத்தின் சதவீதம் உள்ளே வருகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மருத்துவக் குழு காலுக்கு 35 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் பார்க்க வேண்டியது, அந்தக் காலால் அவர் செய்த வேலை எவ்வளவு போயிற்று என்பதைத்தான். என் மச்சான் எலெக்ட்ரீஷியன். முட்டி மடங்காதவர் ஏணி ஏற முடியாது. குமாஸ்தா எங்களை மறுபடியும் டாக்டரிடம் அனுப்பி, 'ஏணி ஏறவோ, உயரத்தில் நின்று வேலை செய்யவோ இயலாது' என்று எழுதி வாங்கச் சொன்னார். அந்த ஒரு வரிக்குக் கிடைத்த மதிப்பு, நாங்கள் சுமந்து போன பில் கட்டுக்கெல்லாம் கிடைக்கவில்லை.

சம்பளச் சீட்டு இல்லாதவர் வருமானத்தை எப்படிக் காட்டுவது? நலவாரிய அட்டை, ஜிபே வரவுகள் ஏறிய வங்கிக் கணக்கு, வேலை கொடுத்தவரின் சாட்சியம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் ஒரு மாத வருமானத்தை ஊகித்து எடுத்துக்கொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் உழைப்புக்கும் அப்படி மதிப்புப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

விசாரணை

கழகத்தின் பதில் மனு ஏறக்குறைய எல்லா வழக்கிலும் ஒரே மாதிரி இருக்கும்: பேருந்து இடது ஓரமாக மெதுவாகப் போனது, மனுதாரர்தான் வேகமாக வந்து மோதினார், ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை. படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்து உங்கள் தப்பாகிவிடாது. உங்கள் பக்கம் கொஞ்சம் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈடு வழக்கு சாகாது. தாழத் தொங்கிய மின்கம்பியில் உரசிய தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்றின் வழக்கில் 1980லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் அதைச் சொல்லிவிட்டார்.

வாய்தா மேல் வாய்தா போகும். லோக் அதாலத்துக்கு அழைத்தால் போய்ப் பேசுங்கள், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைதான் முடிவு, அப்பீல் கிடையாது. மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எங்களுக்கு முதலில் சொன்ன தொகை நாங்கள் போட்ட கணக்கில் பாதிகூட இல்லை. எழுந்து வந்துவிட்டோம். சிகிச்சைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாதியே சரியாகவும் படலாம், அதில் தப்பில்லை.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு வந்த அன்று நாங்கள் ஸ்வீட் வாங்கினோம். பணம் வந்தது அதற்குப் பல மாதம் கழித்து. அரசு எதிராளியிடம் இந்தக் கட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும். 90 நாளில் கழகம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தொகை குறைவு என்றால் நீங்களும் போகலாம். போகவும் இல்லை, கட்டவும் இல்லை என்றால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட வேண்டும். 'நஷ்டஈடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி' என்று பேப்பரில் வாரத்துக்கு ஒரு செய்தி பார்த்திருப்பீர்கள். அது அந்த மனுவில் வரும் உத்தரவுதான். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், உங்களை மோதிய அதே பேருந்தாக இல்லாவிட்டாலும், அந்தக் கழகத்தின் வண்டி ஒன்றைப் பயணிகளை இறக்கிவிட்டுக் கோர்ட் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். எங்களுக்கு அதுவரை போகவில்லை. ஜப்தி மனுவைக் கோர்ட் ஏற்று எண் கொடுத்ததுமே கழகம் பணத்தைக் கோர்ட்டில் டெபாசிட் செய்தது.

மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, இங்கே பெரும்பாலும் ஆண்டுக்கு ஏழரை சதவீதம். தாமதத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டெபாசிட் ஆன பணம் தானாக வீட்டுக்கு வராது. அதை எடுக்கத் தனியாக ஒரு மனு வேண்டும். ஆதார், பான், போட்டோ ஒட்டிய வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்பே சரிபாருங்கள். என் மச்சானின் பான் கார்டில் இனிஷியல் பின்னால் இருந்ததால் இன்னும் இரண்டு மாதம் போயிற்று. பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். படிப்புச் செலவுக்கு வட்டியை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அதையும் அந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.